விமானமும் சொந்தமில்ல, ஸ்லாட்டும் சொந்தமில்ல: ஏர்லைன் ஷேர் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டங்கள்



வேளச்சேரியில எங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடில துணி எடுக்கப் போனா, மீனம்பாக்கத்துல இறங்கப் போற விமானம் ஒண்ணாவது கண்ணுல படும். போன மாசம் ஒரு நாள் பக்கத்து ஃபிளாட் தம்பி, ஐடி கம்பெனில நாலு வருஷ அனுபவம், அங்கேயே பிடிச்சுக்கிட்டார். "அண்ணா, எந்த ஃபிளைட்டும் காலியா போற மாதிரி தெரியல. டிக்கெட் விலையும் ஏறுது. அப்ப ஏர்லைன் ஷேர் வாங்கினா லாபம்தானே?" நம்ம சேனல் வீடியோக்களுக்குக் கீழயும் இந்தக் கேள்வி அடிக்கடி வருது.

சீட் நிறைஞ்சா லாபம்னு நினைக்கிறது இயல்புதான். ஆனா இந்தியாவுல சீட் நிறைஞ்சு பறந்த பல ஏர்லைன்கள் மூடியிருக்கு. ஏன்னு புரியணும்னா பேலன்ஸ் ஷீட் மட்டும் பார்த்தா போதாது. அந்த பேலன்ஸ் ஷீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சட்டத்தைப் பார்க்கணும். ஒரு ஆடிட்டரா சொல்றேன், சட்டம் இவ்வளவு ஆழமா கைவைக்கிற தொழில் வங்கிக்கு அடுத்து விமானம்தான்னு எனக்குத் தோணும்.

ஒரு ஏர்லைன் நடத்த என்னென்ன வேணும்? விமானம், ஏர்போர்ட்ல இறங்க நேரம், பைலட், எரிபொருள், ஒரு ஏர்போர்ட். இந்த அஞ்சுல ஒண்ணு கூட கம்பெனியோட முழுக் கட்டுப்பாட்டுல இல்ல. ஒவ்வொண்ணா பார்ப்போம். கடைசில உங்க டிக்கெட், உங்க ஷேர், நீங்க வாங்கப் போற ஃபிளாட், மூணுக்கும் இதுல என்ன இருக்குன்னு சொல்றேன்.

1. விமானம்: ஓட்டுறது ஒருத்தர், ஓனர் வேற ஒருத்தர்

நீங்க ஏறுற விமானத்துல ஏர்லைன் பேர் பெருசா எழுதியிருக்கும். ஆனா பெரும்பாலும் அது லீஸ் கம்பெனியோட விமானம். அந்த லீஸ் கம்பெனி அயர்லாந்துலயோ வேற நாட்டுலயோ இருக்கும். வாடகை டாலர்ல போகும். நாம வீடு வாடகைக்கு எடுக்குற மாதிரிதான், ஒரே வித்தியாசம், இந்த வீட்டுக்கு இறக்கை இருக்கு. வாடகை தரலேன்னா ஓனருக்கு பயம் வந்துடும்: வீட்டை எங்க வேணா ஓட்டிக்கிட்டுப் போயிடலாமே!

இந்த பயத்தைப் போக்கத்தான் 2001-ல் தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் ஒப்பந்தம் போட்டாங்க. வாடகை பாக்கி வந்தா, ஓனர் விமானத்தைப் பதிவு நீக்கம் பண்ணி எடுத்துக்கிட்டுப் போகலாம்ங்கறதுதான் சாராம்சம். இந்தியா 2008-ல் இதுல சேர்ந்தது. ஆனா உள்நாட்டுல அதுக்குன்னு தனிச் சட்டம் போடல. அந்த ஓட்டை எவ்வளவு பெருசுன்னு தெரிய 15 வருஷம் ஆச்சு.

2023 மே 2-ம் தேதி கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் தானாகவே திவால் மனு போட்டது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் சரியா வராததால பாதி விமானம் தரையில நிக்குதுங்கறது அவங்க சொன்ன காரணம். மே 3-லிருந்து பறக்கல. மே 10-ம் தேதி என்சிஎல்டி, அதாவது தேசிய கம்பெனி சட்ட தீர்ப்பாயம், மனுவை ஏத்துக்கிட்டது.

இங்கதான் விஷயம். நம்ம திவால் சட்டத்துல, ஐபிசில, 14-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. மனு ஏத்துக்கிட்ட நிமிஷத்துலேர்ந்து மொரட்டோரியம். யாரும் கேஸ் போட முடியாது, கம்பெனி கையில இருக்கிற சொத்தை, அது வாடகைச் சொத்தா இருந்தாலும், எடுத்துட்டுப் போக முடியாது. கம்பெனிக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிற நல்ல நோக்கம்தான். ஆனா லீஸ் கம்பெனிகளோட 54 விமானம் வெயில்லயும் மழையிலயும் மாட்டிக்கிச்சு. பறக்காத விமானம் நாளுக்கு நாள் மதிப்பு குறையும். பார்ட்ஸ் கெடும்.

ஓனர்கள் டெல்லி உயர்நீதிமன்றம் போனாங்க. 2023 அக்டோபர் 3-ம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிக்கை விட்டது: கேப் டவுன் ஒப்பந்தத்துக்குக் கீழ வர்ற விமானம், எஞ்சின், ஹெலிகாப்டருக்கு இந்த மொரட்டோரியம் பொருந்தாது. 2024 ஏப்ரல் 26-ம் தேதி நீதிமன்றம், 54 விமானங்களையும் அஞ்சு வேலை நாளுக்குள்ள பதிவு நீக்கம் பண்ணச் சொல்லி டிஜிசிஏவுக்கு உத்தரவு போட்டது. விமானம் போன பிறகு ஏர்லைன்ல என்ன மிச்சம்? 2025 ஜனவரில கோ ஃபர்ஸ்டை கலைக்கச் சொல்லி என்சிஎல்டி உத்தரவிட்டது.

அதே வருஷம் நாடாளுமன்றம் அந்த ஓட்டையை நிரந்தரமா அடைச்சது. விமானப் பொருட்கள் மீதான உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2025 மே 1 முதல் அமலுக்கு வந்துடுச்சு.

இதுல உங்களுக்கு என்ன? ரெண்டு விஷயம். ஓனருக்கு நம்பிக்கை வந்தா லீஸ் வாடகை குறைய வாய்ப்பு இருக்கு. அது ஏர்லைனுக்கு நல்லது. ஆனா ஷேர்ஹோல்டர் கோணத்துல பாருங்க. ஒரு சிமெண்ட் கம்பெனி திவாலானா ஃபேக்டரி அங்கேயே நிக்கும், புதுசா ஒருத்தர் வாங்கி நடத்தலாம். ஏர்லைன் திவாலானா ஃபேக்டரியே பறந்து போயிடும். இந்த சட்டத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமா பறக்கும். "எப்படியும் யாராவது காப்பாத்துவாங்க"ன்னு நம்பி விழுந்து கிடக்கிற ஏர்லைன் ஷேரை வாங்குறது முன்னைவிட ஆபத்து.

2. ஸ்லாட்: ஜெட் ஏர்வேஸ் சொல்லிக் கொடுத்த பாடம்

மும்பை, டெல்லி, சென்னை மாதிரி நெரிசலான ஏர்போர்ட்ல நினைச்ச நேரத்துக்கு இறங்க முடியாது. காலை 7.10-க்கு இறங்கலாம்னு ஒரு ஸ்லாட் கொடுப்பாங்க. காலை 7 மணி ஸ்லாட்டும் மதியம் 2 மணி ஸ்லாட்டும் ஒண்ணு இல்ல. ஆபீஸ் வேலையா போறவர் காலைல போய் ராத்திரி திரும்பணும்னு நினைப்பார், அதுக்கு கூடுதலா காசும் கொடுப்பார்.

ஸ்லாட்டுக்கு உலகம் முழுக்க ஒரு பழக்கம் உண்டு. ஒரு சீசன்ல கொடுத்த ஸ்லாட்டுல 80 சதவீதமாவது பயன்படுத்தினா அடுத்த வருஷமும் உனக்கு. இல்லேன்னா திருப்பிக் கொடு. அதனாலதான் சில ரூட்ல நஷ்டம்னு தெரிஞ்சும் ஏர்லைன்கள் பறக்குது. இடத்தைப் பிடிச்சு வைக்கிற செலவு அது, பஸ்ல துண்டு போடுற மாதிரி.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி கடைசியா பறந்தது. கொஞ்ச நாள்லயே அதோட ஸ்லாட்டுகளை மத்த ஏர்லைன்களுக்குத் தற்காலிகமா பிரிச்சுக் கொடுத்தாங்க. பயணிகளுக்கு அது தேவைதான். ஆனா ஜெட்டை வாங்க வந்தவங்களுக்கு என்ன மிச்சம்? லீஸ் விமானங்கள் போயாச்சு, ஸ்லாட்டும் போயாச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்து, 2024 நவம்பர் 7-ம் தேதி உச்சநீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

இந்த அஞ்சு வருஷமும் நிறைய சின்ன முதலீட்டாளர்கள் "ஜெட் திரும்ப வரும்"னு அந்த ஷேரை வாங்கினாங்க. ஐபிசி 53-வது பிரிவுல யாருக்கு முதல்ல பணம்னு ஒரு வரிசை இருக்கு. திவால் நடவடிக்கைச் செலவு, அப்புறம் தொழிலாளர் பாக்கியும் அடமானக் கடன் கொடுத்தவங்களும், அப்புறம் மத்த ஊழியர் சம்பளம் 12 மாசத்துக்கு, இப்படியே இறங்கி வந்து கடைசிப் படியில ஈக்விட்டி ஷேர்ஹோல்டர். கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சு இலை எடுத்த பிறகு வர்ற ஆள் மாதிரி.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. பிஎஃப், கிராஜுவிட்டி பணம் அந்த வரிசைக்கே வராது. 36-வது பிரிவு அதைத் தனியா வைக்குது. ஜெட் ஊழியர்கள் வழக்குலயும் அதை முழுசா கொடுக்கணும்னுதான் முடிவாச்சு. நீங்க எந்தக் கம்பெனில வேலை பார்த்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும். அதனால உங்க பிஎஃப் மாசாமாசம் கட்டப்படுதான்னு பாஸ்புக்ல பாருங்க.

3. விமானத்துல 78 சீட் ஏன்?

இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. நீங்க சென்னையிலேர்ந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ இண்டிகோ ஏடிஆர் விமானத்துல போயிருந்தா, அடுத்த தடவை சீட் எண்ணிப் பாருங்க. 78. ஏன் 80 இல்ல?

80 சீட்டுக்குக் கீழ இருக்கிற விமானத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தோட ஏர்போர்ட்கள்ல லேண்டிங் கட்டணம் கிடையாதுன்னு விதி வந்தது. சின்ன ஊர்களுக்குச் சேவை வளரணும்னு கொடுத்த சலுகை. இன்னொண்ணு, எரிபொருள் வரி. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா வாட் போடுது. தமிழ்நாட்டுல 29 சதவீதம். இந்த வரிக்கு இன்புட் கிரெடிட்டும் எடுக்க முடியாது, அப்படியே செலவு. ஆனா 40,000 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள விமானத்துக்கு, 2007-ல் மத்திய விற்பனை வரிச் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்கள் 4 சதவீதத்துக்கு மேல போடக்கூடாதுன்னு கட்டிப் போட்டாங்க. 29 எங்க, 4 எங்க!

இந்தக் கணக்கை நல்லாப் போட்டது நம்ம சென்னையிலேர்ந்து பறந்த பாரமவுண்ட் ஏர்வேஸ். 2005-ல் ஆரம்பிச்சாங்க. எல்லாரும் போயிங், ஏர்பஸ்னு பெரிய விமானத்துக்குப் போனப்ப, இவங்க பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 எடுத்தாங்க. 70, 75 சீட், முழுக்க பிசினஸ் கிளாஸ். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போற தொழிலதிபர்கள்தான் வாடிக்கையாளர். லேண்டிங் கட்டணம் இல்ல, எரிபொருள் வரி குறைவு. வியாபாரத் திட்டமே ஒரு சட்டப் பிரிவைச் சுத்திக் கட்டின மாதிரி.

அப்படியும் ஏன் நிக்கல? 2010-ல் லீஸ் தகராறு வந்தது. விமானங்கள் கையை விட்டுப் போச்சு. கம்பெனியும் நின்னுடுச்சு. முதல் பகுதில சொன்ன அதே கதை. சட்டம் கொடுத்த சலுகையில வளரலாம், ஆனா சட்டம் வேற பக்கமா அடிக்கிறப்ப தாங்குற காசு கையில இருக்கணும்.

4. பைலட்டோட தூக்கமும் கம்பெனியோட லாபமும்

2025 டிசம்பர் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. சென்னை ஏர்போர்ட்ல பெட்டிகளுக்கு நடுவுல ஜனங்க தரையில உக்கார்ந்திருந்த படம் எல்லார் போன்லயும் வந்தது. டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாள்ல நாடு முழுக்க இண்டிகோவோட ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து.

காரணம் மழையோ ஸ்ட்ரைக்கோ இல்ல. ஒரு விதி. பைலட் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம், எவ்வளவு ஓய்வு எடுக்கணும்னு டிஜிசிஏ போடுற விதிக்கு எஃப்டிடிஎல்னு பேர். புது விதில வார ஓய்வு 36 மணி நேரத்துலேர்ந்து 48 ஆச்சு. இரவுங்கறது நள்ளிரவு முதல் காலை 5 வரைன்னு இருந்தது, 6 வரை நீண்டது. இரவு லேண்டிங் 6 வரைக்கும் அனுமதி இருந்தது, 2 ஆக் குறைஞ்சது. முதல் கட்டம் 2025 ஜூலை 1, ரெண்டாம் கட்டம் நவம்பர் 1.

தூங்காத பைலட் ஓட்டுற விமானத்துல உங்க அம்மா அப்பாவை ஏத்துவீங்களா? மாட்டீங்க. விதி சரியானதுதான். அதோட இது திடீர்னு வந்ததும் இல்ல. 2024 ஜனவரிலேயே அறிவிச்சு, தள்ளிப் போட்டு, டெல்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் தேதி முடிவான விஷயம். அதே விதி மத்த ஏர்லைன்களுக்கும் இருந்தது. ஆனா இரவு விமானம் அதிகம், ஒவ்வொரு பைலட்டையும் விமானத்தையும் அதிகபட்ச நேரம் பயன்படுத்துறதுதான் இண்டிகோவோட குறைந்த செலவு ரகசியம். அதே ரகசியம்தான் அன்னைக்கு அவங்களைக் கவிழ்த்தது. எத்தனை பைலட் வேணும்ங்கற கணக்கு தப்பாப் போச்சுன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது.

பிறகு நடந்ததையும் பாருங்க. அரசு, இண்டிகோவுக்கு இரவுப் பணி விதில 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கு கொடுத்தது. டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு போட்டது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல 18,000 ரூபாய்னு. இண்டிகோவோட அட்டவணையில 10 சதவீதம் குறைக்கச் சொன்னது. சந்தைல 60 சதவீதத்துக்கு மேல வச்சிருக்கிற கம்பெனியோட விலை, எண்ணிக்கை, ஆள் பலம் எல்லாத்தையும் ஒரே வாரத்துல ஒழுங்குமுறை அதிகாரம் தொட்டுடுச்சு. இந்த ரிஸ்க்கை எந்த பிஇ ரேஷியோவும் உங்களுக்குக் காட்டாது.

5. ஏர்போர்ட்: டிக்கெட்ல இருக்கிற யூடிஎஃப் யார் முடிவு பண்றது?

உங்க கடைசி விமான டிக்கெட்டைத் திறந்து பாருங்க. அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழ யூடிஎஃப்னு ஒரு வரி இருக்கும், பயனர் மேம்பாட்டுக் கட்டணம். இது ஏர்லைனுக்குப் போறது இல்ல, ஏர்போர்ட்டுக்கு. ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல வர்ற பெரிய ஏர்போர்ட்ல இதை முடிவு பண்றது ஏரா, 2008-ம் வருஷச் சட்டத்துல உருவான பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். சென்னையும் இதுக்குள்ளதான்.

கணக்கு எளிமையானது. ஒரு உதாரணம், நம்பர் எல்லாம் நானா வச்சது. ஏர்போர்ட் போட்ட முதலுக்கு நியாயமான லாபம், தேய்மானம், செலவு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,000 கோடி வேணும்னு வைங்க. கடை வாடகை, விளம்பரம் மூலமா 400 கோடி வருது. 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி அதுல 30 சதவீதம், அதாவது 120 கோடியைக் கழிக்கணும். மீதி 880 கோடியை லேண்டிங், பார்க்கிங், யூடிஎஃப்னு வசூல் பண்ணலாம். 2 கோடி பயணிகள் வந்தா தலைக்கு 440 ரூபாய். 1.6 கோடி பேர்தான் வந்தாங்கன்னா 550 ரூபாய்.

கூட்டம் குறைஞ்சா விலை ஏறுது, கவனிச்சீங்களா? சாதாரண வியாபாரத்துக்கு நேர் எதிர். ஒரு அஞ்சு வருஷத்துல குறைவா வசூலானா அடுத்த அஞ்சு வருஷத்துல சரிக்கட்டலாம். கோவிட் காலத்துல போன வருமானம் பின்னாடி கட்டணத்துல வந்து உக்கார்ந்தது இப்படித்தான். அதனாலதான் ஏர்போர்ட் தொழிலும் ஏர்லைன் தொழிலும் ஒரே செக்டார் மாதிரி தெரிஞ்சாலும் முதலீட்டுல ரெண்டும் வேற வேற குணம். ஒருத்தருக்கு லாபத்துக்கு சட்டமே ஒரு அடித்தளம் போட்டுக் கொடுக்குது. இன்னொருத்தருக்கு அப்படி எதுவும் இல்ல.

இனி, நிலம் வாங்கப் போறவங்க இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க. 2024 ஜூன்ல ஓசூர்ல 2,000 ஏக்கர்ல ஏர்போர்ட் வரும்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. அடுத்த வாரமே பிளாட் விளம்பரம் கிளம்பியிருச்சு. ஆனா பெங்களூரு ஏர்போர்ட் கட்டினப்ப போட்ட ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்கு. மைசூரு, ஹாசன் தவிர, 150 கிலோமீட்டருக்குள்ள 25 வருஷத்துக்குப் புது ஏர்போர்ட் வரக்கூடாது. பெங்களூரு திறந்தது 2008 மே. கூட்டிப் பாருங்க, 2033. இந்த ஒரு ஷரத்து ரெண்டு மாநிலத்தோட திட்டத்தையும் நிர்ணயிக்குது. "அடுத்த வருஷம் ஃபிளைட் இறங்கும் சார்"னு சொல்ற புரோக்கர்கிட்ட இந்த வருஷத்தைச் சொல்லிப் பாருங்க.

பரந்தூர்லயும் இதே நிதானம் வேணும். 2022 ஆகஸ்ட்ல இடம் அறிவிச்சாங்க. 2025 ஏப்ரல்லதான் மத்திய அரசோட கொள்கை அளவிலான ஒப்புதல் வந்தது. ஏகனாபுரம் மக்கள் நிலத்தை விட மாட்டோம்னு வருஷக்கணக்கா போராடுறாங்க. அவங்களுக்கு அது வயலும் ஏரியும் வீடும், நமக்குத்தான் அது "இன்வெஸ்ட்மெண்ட்". நீங்க வாங்குற சர்வே நம்பர் நில எடுப்பு அறிவிப்புல இருக்கான்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

சரி, இப்ப நீங்க என்ன பண்ணணும்?

டிக்கெட் வாங்குறப்ப: முன்கூட்டியே சொல்லாம விமானத்தை ரத்து பண்ணா, ரீஃபண்ட் இல்லேன்னா மாற்று விமானத்தோட கூடவே இழப்பீடும் உண்டுன்னு டிஜிசிஏ விதி சொல்லுது. பறக்கும் நேரம் ஒரு மணிக்குள்ள இருந்தா 5,000, ரெண்டு மணி வரை 7,500, அதுக்கு மேல 10,000 ரூபாய், இல்லேன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. வெள்ளம், போராட்டம், அரசு உத்தரவு மாதிரி கம்பெனி கையை மீறின காரணம்னா இழப்பீடு இல்ல, ஆனா ரீஃபண்ட் உரிமை அப்படியே இருக்கு.

எனக்கே ஒரு அனுபவம். 2020-ல் குடும்பத்தோட டெல்லி போக அஞ்சு டிக்கெட் போட்டிருந்தேன். லாக்டவுன் வந்தது. ஏர்லைன் பணம் தரல, "கிரெடிட் ஷெல்"னு ஒரு நம்பர் கொடுத்தாங்க. அடுத்தவங்களுக்கு சட்டம் சொல்ற நானே, இதெல்லாம் வராதுன்னு விட்டுட்டேன். 2020 அக்டோபர் 1-ம் தேதி உச்சநீதிமன்றம், அந்த ஷெல்லை 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தலாம், பயன்படுத்தலேன்னா பணமா திருப்பித் தரணும்னு சொன்னது. ஏப்ரல்ல அந்த உத்தரவைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டேன். பணம் வந்தது. யாரோ ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனதால எனக்கு வந்த பணம் அது. அதுலேர்ந்து பிஎன்ஆர், ரத்து மெசேஜ், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்கிறது இல்ல.

ஏர்லைன் பதில் தரலேன்னா ஏர்சேவா தளத்துல புகார் போடுங்க. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனும் இருக்கு. ஏர்லைன் தள்ளாடுதுன்னு செய்தி வந்தா, ஆறு மாசம் கழிச்சுப் போற டிக்கெட்டை ஆஃபர்னு இப்பவே வாங்காதீங்க. திவால் ஆனா உங்க டிக்கெட் பணம் ஒரு அடமானமில்லாத பாக்கி. கோ ஃபர்ஸ்ட் பயணிகள் மாதிரி க்ளெய்ம் ஃபார்ம் போட்டு வரிசையில நிக்கணும். கட்டாயம் வாங்கணும்னா கிரெடிட் கார்டுல வாங்குங்க. கிடைக்காத சேவைக்கு சார்ஜ்பேக் கேட்கிற வழியாவது இருக்கும். அதுக்கும் காலக்கெடு உண்டு, உடனே பேங்க்ல சொல்லணும்.

ஷேர் வாங்குறப்ப: ஆண்டறிக்கைல மூணு இடம் பாருங்க. ஒண்ணு, லீஸ் கடன். இந்திய கணக்கியல் தரநிலை 116 வந்த பிறகு லீஸ் வாடகையும் பேலன்ஸ் ஷீட்ல கடனா தெரியும். அதுல எவ்வளவு டாலர்லன்னு பாருங்க. இண்டிகோ 2025 ஜூலை-செப்டம்பர் காலாண்டுல 2,582 கோடி நஷ்டம் காட்டுச்சு. ரூபாய் சரிவோட பாதிப்பை நீக்கிப் பார்த்தா 104 கோடி லாபம். விமானம் ஓட்டுறதுல இல்ல, டாலர்ல போன பணம் அது. ரெண்டு, கையில இருக்கிற ரொக்கம் எத்தனை மாச செலவுக்கு வரும்னு பாருங்க. மூணு, எதிர்பாராக் கடன்கள் பற்றிய குறிப்பு, அதுல லீஸ் கம்பெனிகள் போட்ட வழக்கு இருக்கான்னு தேடுங்க. லீஸ் ஓனர் கோர்ட்டுக்குப் போயிருக்கார்னா, உங்களைவிட அவருக்கு உள்ளே நிலவரம் நல்லாத் தெரியும்.

ஃபிளாட் வாங்குறப்ப: வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர், பல்லாவரம் பக்கம் உயரமான கட்டடம்னா விமான நிலைய ஆணையத்தோட உயரத் தடையில்லாச் சான்று கேளுங்க. ஏர்போர்ட்டைச் சுத்தி 20 கிலோமீட்டர் வரை இந்த உயரக் கட்டுப்பாடு விதி 2015 இருக்கு. அதுல கொடுக்கிற உயரம் தரையிலேர்ந்து இல்ல, கடல் மட்டத்திலேர்ந்து. மனையோட உயரத்தைக் கழிச்சுத்தான் கட்டடத்தோட உயரம் வரும். நம்ம வேளச்சேரி பள்ளத்துல இருக்கிறதால கிடைக்கிற ஒரே லாபம் இதுதான்னு வச்சுக்கலாம், தண்ணி வந்தா அதையும் கழிச்சுக்கணும்! அனுமதியை மீறின மாடியை இடிக்கச் சொல்ல அதிகாரம் இருக்கு. உங்க ஃபிளாட் மேல் மாடின்னா சான்றுல இருக்கிற உயரத்தையும் பிளான்ல இருக்கிற உயரத்தையும் நீங்களே ஒத்துப் பாருங்க.

அந்தத் தம்பிக்கு நான் என்ன சொன்னேன்னு கேட்டீங்கன்னா, "வாங்கு"ன்னும் சொல்லல, "வாங்காதே"ன்னும் சொல்லல. நான் ஆடிட்டர், செபில பதிவு பண்ண முதலீட்டு ஆலோசகர் இல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மேல போற அந்த விமானம் யாரோடது?" கொஞ்ச நேரம் யோசிச்சார். "தெரியாது அண்ணா"ன்னார். "அது தெரிஞ்ச பிறகு ஷேர் வாங்கு"ன்னேன். அவசரகால நிதி, டெர்ம் இன்ஷூரன்ஸ், இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபி எல்லாம் போன பிறகு மிஞ்சுற பணத்துல ஒரு சின்ன பங்கா மட்டும் இருந்தா, தப்பானாலும் தூக்கம் கெடாது.

உங்க டிக்கெட்ல யூடிஎஃப் எவ்வளவுன்னு பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க. எந்த ஏர்போர்ட்டுன்னும் எழுதுங்க. அடுத்த வீடியோல அதையெல்லாம் வச்சு ஏர்போர்ட் வாரியா கணக்கு போட்டுப் பார்ப்போம்.